பாரிமுனை முதல் பழைய மகாபலிபுரம் சாலை வரை: வணிகக் கட்டடங்களின் கதை

சென்னை பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு பழைய கல்தூண் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. 1773-ல் நட்ட தூண் அது. இந்த எல்லைக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவில் யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அறிவித்து நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பிரெஞ்சுப் படைகளிடம் சூடுபட்ட கம்பெனிக்கு, கோட்டைக்கு முன்னால் எதிரி ஒளிந்துகொள்ள ஒரு குடிசைகூட இருக்கக் கூடாது என்ற பயம்.

பீரங்கிக்காகப் போட்ட கோடு, வியாபாரத்துக்கும் கோடாகிவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் மைதானம். இந்தப் பக்கம் துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் பக்கத்திலேயே கடை போடக்கூடிய கடைசி இடம். அங்கே மனை விலை ஏறாமல் இருக்குமா? இன்றைக்குக் 'கமர்ஷியல் ரியல் எஸ்டேட்' என்று சொல்கிற விஷயத்தின் முதல் பாடம் அந்தத் தூணிலேயே இருக்கிறது. மண்ணுக்கு விலை கிடையாது. அது இருக்கும் இடத்துக்குத்தான் விலை.

கிடங்கு, சந்தை, அலுவலகம், தொழிற்பேட்டை, மால், ஐ.டி. பூங்கா என்று வணிகச் சொத்துகளைப் பல வகையாகப் பிரிக்கிறார்கள். இந்த வகைகள் எல்லாம் ஒரே நாளில் பாடப்புத்தகத்தில் பிறந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் தேவைக்காக வந்தது. சென்னையின் வரலாற்றை வைத்தே அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

குடியிருக்க வாங்கும் வீட்டுக்கும் வணிகக் கட்டடத்துக்கும் என்ன வித்தியாசம்? வீட்டை வாங்குபவர் 'கிழக்குப் பார்த்த வாசலா, நல்ல தண்ணீர் வருமா' என்று கேட்பார். வணிகக் கட்டடத்தை வாங்குபவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: 'வாடகை எவ்வளவு வரும்?'

ஒரு கடையின் மாத வாடகை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,20,000. சொத்து வரி, பராமரிப்பு என்று 1,20,000 போனால் மிச்சம் 6 லட்சம். போட்ட பணத்துக்கு 8 சதவீதம் வருமானம் வேண்டும் என்று நினைப்பவர் அந்தக் கடைக்கு 75 லட்சம் தருவார். 'நல்ல இடம், வாடகை தவறாமல் வரும், 6 சதவீதம் போதும்' என்று நினைப்பவர் 1 கோடி தருவார். அதே சுவர், அதே கூரை. நம்பிக்கை மாறினால் விலை 25 லட்சம் மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த 60,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது? கடைக்காரரின் கல்லாப்பெட்டியிலிருந்து. ஆக, கட்டடத்தின் விலை என்பது அதற்குள் நடக்கும் வியாபாரத்தின் நிழல். வியாபாரம் செய்பவர் ஒருவர். அதனால் விலை ஏறும் சொத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் வேறொருவர். இந்த இருவருக்கும் நடுவில் உள்ள இழுபறிதான் இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது.

கிடங்கு

ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்று ஒரு சொல் உண்டு. ஆசியத் துறைமுகங்களில் எல்லாம் வழங்கிய சொல். மலாய் மொழியின் 'குடாங்', தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' ஆகியவற்றோடு அகராதிகள் அதை இணைத்துப் பேசுகின்றன. சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. இன்றைக்கு ஜார்ஜ் டவுனில் துணி மொத்த வியாபாரம் நடக்கும் தெருவுக்குப் பெயரே கோடவுன் தெரு. நம்மூர்ச் சொல் கப்பலேறிப் போய்க் கோட்டு சூட்டு போட்டுத் திரும்பி வந்தது போல இருக்கிறது!

கம்பெனி காலத்து வியாபாரத்தின் அடிப்படை துணி. நெசவாளர்களிடமிருந்து வாங்கிய துணியைத் தரம் பார்த்து, சாயம் போட்டு, மூட்டை கட்டி, கப்பல் வரும்வரை வைத்திருக்க வேண்டும். அதற்குக் கிடங்கு வேண்டும். கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய 'கறுப்பர் நகரம்' பிரெஞ்சு ஆக்கிரமிப்பு (1746-1749) முடிந்த பிறகு இடிக்கப்பட்டது. வியாபாரிகள் முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை பக்கம் நகர்ந்தார்கள். அதுதான் பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆனது.

அங்கே ஒவ்வொரு தெருவும் ஒரு சரக்கு என்று பிரிந்தது. தாளுக்கு ஆண்டர்சன் தெரு, கண்ணாடிக்குத் தேவராஜ முதலி தெரு என்று இன்றும் அந்தப் பிரிவு தொடர்கிறது. ஒரே சரக்கை விற்பவர்கள் எதற்காக ஒரே தெருவில் போட்டி போட வேண்டும்? வாங்குபவர் ஒரே நடையில் பத்துக் கடை ஏறி விலை விசாரிக்கலாம் என்பதால் அந்தத் தெருவைத் தேடி வருவார். கூட்டம் வருவதால் பதினோராவது கடையும் அங்கேயே வரும். தரைத்தளத்தில் கடை, பின்கட்டில் கிடங்கு, மாடியில் முதலாளி குடும்பம். மூன்று வகைச் சொத்தும் ஒரே கதவு எண்ணில் இருந்த காலம் அது.

அலுவலகம்

1788-ல் சென்னை வந்த தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டு வியாபாரி, 1803-ல் அந்த எல்லைத் தூண் இருக்கும் முனையில் இடம் வாங்கினார். இன்றைய துறைமுகம் அப்போது கிடையாது. கடல் அலை கிட்டத்தட்ட அந்தக் கட்டடத்தின் பக்கம்வரை வந்துகொண்டிருந்தது. கப்பல் நங்கூரம் போட்டால் ஜன்னலிலிருந்தே தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து கடல் விலகிப்போனது. ஆனால் அந்த முனையின் மதிப்பு போகவில்லை. கடற்கரைச் சாலையில் வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் வரிசை கட்டின. பாரி 1824-ல் காலராவில் இறந்தார். பெயர் மட்டும் பாரிமுனையாக நின்றுவிட்டது. இப்போதைய டேர் ஹவுஸ் கட்டடம் 1940-ல் எழும்பியது.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். சரக்கு ஓரிடத்தில், கணக்குப் புத்தகம் இன்னோரிடத்தில் என்று பிரிந்தது. சரக்கே இல்லாத, காகிதமும் மேஜையும் மட்டும் உள்ள கட்டடம்தான் அலுவலகம். இருபதாம் நூற்றாண்டில் அது மவுண்ட் ரோட்டுக்கு நகர்ந்தது.

மவுண்ட் ரோடு என்றதும் நினைவுக்கு வருவது எல்.ஐ.சி. கட்டடம். பழைய தமிழ்ப் படங்களில் கிராமத்து நாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட இரண்டு ஷாட் போதும். ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன், இன்னொன்று எல்.ஐ.சி.! ஆனால் அதைத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. தொழிலதிபர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953-ல் வேலை ஆரம்பித்தது. 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. பாதியில் நின்ற கட்டடம் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்து, 1959-ல் திறக்கப்பட்டது. 14 மாடிகளுடன் அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எதற்கு 14 மாடி? பாலிசிதாரர் இன்று கட்டும் பிரீமியத்துக்கு இருபது, முப்பது வருஷம் கழித்துப் பணம் தர வேண்டும். அதுவரை அந்தப் பணம் சும்மா இருக்கக் கூடாது. மாதாமாதம் வாடகை தரும் கட்டடம் அதற்குப் பொருத்தமான முதலீடு. உலகம் முழுக்கக் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் அலுவலகக் கட்டடங்களில் பணம் போடுவது இந்தக் காரணத்தால்தான்.

சந்தை

நகராட்சி நிர்வாகம் என்று ஒன்று வந்த பிறகு, சுகாதாரத்தையும் நெரிசலையும் காரணம் காட்டித் தெருச் சந்தைகளைக் கூரைக்குக் கீழே கொண்டுபோகும் வேலை ஆரம்பித்தது. பிராட்வேயில் இருந்த பழைய சந்தைக்குப் பதிலாக, சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் புதுச் சந்தை கட்ட 1898-ல் அடிக்கல் நாட்டினார்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரில் 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. சிவப்புச் செங்கல், நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள்.

மூர் மார்க்கெட்டில் கிடைக்காத பொருளே இல்லை என்பார்கள். முக்கியமாகப் பழைய புத்தகங்கள். பாடப்புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவர்கள் அங்கே போய்த்தான் படித்தார்கள். அந்தக் கடைக்காரர்கள் அந்த இடத்தின் சொந்தக்காரர்கள் அல்ல, வாடகைதாரர்கள். ஆனால் 'மூர் மார்க்கெட்' என்ற பெயருக்கு இருந்த மதிப்பு அவர்கள் சேர்த்த மதிப்பு.

சென்ட்ரல் நிலையத்தை விரிவாக்க இடம் வேண்டும் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. அதற்கும் 'மூர் மார்க்கெட் வளாகம்' என்று பெயர்! பழைய சந்தையின் சிறிய மாதிரி ஒன்றையும் வளாகத்தின் முன்னால் வைத்தார்கள். கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே, அல்லிக்குளம் இருந்த இடத்தில் மாற்றுக் கடைகள் கிடைத்தன. வியாபாரம் பழையபடி வரவில்லை. கடையை இடம் மாற்றலாம். கடையைத் தேடி வரும் பழக்கத்தை இடம் மாற்ற முடியாது.

காய்கறிச் சந்தையின் கதை கொஞ்சம் வேறு. ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நகரத்துக்கே சோறு போட்ட இடம். லாரிகள் பெருத்த பிறகு அந்தக் குறுகிய தெருக்கள் தாங்கவில்லை. வியாபாரிகளின் எதிர்ப்பு, வழக்கு எல்லாம் தாண்டி 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு நகர்ந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) 295 ஏக்கரில் அமைத்த வளாகம் அது. மூர் மார்க்கெட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே கடைகளை வியாபாரிகளுக்கே விற்றார்கள். பிற்பாடு கோயம்பேடு நகரத்தின் நடுவே வந்து, பஸ் நிலையம், மெட்ரோ என்று மதிப்பு ஏறியபோது அதில் வியாபாரிகளுக்கும் பங்கு இருந்தது.

2020 மே மாதம் கொரோனா பரவியதால் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். மழை பெய்தால் சேறு, காய்கறி அழுகல். செப்டம்பரில் கோயம்பேடு மறுபடி திறந்ததும் வியாபாரிகள் திரும்பி வந்துவிட்டார்கள். சொந்தக் கடை இருந்தது, திரும்பி வந்தார்கள். மூர் மார்க்கெட்காரர்களுக்குத் திரும்பிப் போக ஏதும் இல்லை.

நடைபாதை: பட்டா இல்லாத கடை

எந்தப் பாடப்புத்தகமும் வகைப்படுத்தாத ஒரு வகையும் உண்டு. பர்மாவில் 1960-களில் வியாபாரங்களை ராணுவ அரசு கையகப்படுத்தியபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் வெறும் கையோடு கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்காக 1969-ல் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் உருவானது பர்மா பஜார். சின்னச் சின்னப் பெட்டிக் கடைகள். டேப் ரெக்கார்டர், கால்குலேட்டர், வாசனைத் திரவியம் என்று வெளிநாட்டுச் சரக்கு வாங்க ஊரே அங்கே போனது.

இடத்தின் மதிப்பு என்ன என்பதைத் தெரிந்துகொள்ள நடைபாதை வியாபாரியைக் கேட்டால் போதும். 2013-ல் தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளைப் பக்கத்திலேயே கட்டிய பல அடுக்கு வளாகத்துக்கு மாற்றினார்கள். வெயில் இல்லை, மழை இல்லை, போலீஸ் தொல்லை இல்லை. ஆனால் 'ஆள் ஏறி வர மாட்டேன் என்கிறார்கள்' என்பதுதான் வியாபாரிகளின் புலம்பல். நடந்து போகிறவர் பத்து ரூபாய் ஹேர்பின்னைப் பார்த்து நின்று வாங்குவார். அதற்காக மாடி ஏற மாட்டார். நாலு எட்டுத் தூரம்தான், ஆனால் வியாபாரத்தில் அது நாலு மைல்.

தொழிற்சாலையும் தொழிற்பேட்டையும்

பெரம்பூர் பின்னி மில் என்று எல்லோரும் சொல்லும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்தவை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1921-ல் மாதக்கணக்கில் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததும் இந்த ஆலைகளை மையமாக வைத்துத்தான். 1990-களில் ஆலை முடிந்துபோனது. பிறகு அந்த இடம் சரக்குக் கிடங்காக இருந்தது, சினிமா படப்பிடிப்புத் தளமாக இருந்தது, பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறத் தொடங்கியது. ஒரே மனை நாலு வகை மாறிவிட்டது. துணி ஓடாவிட்டால் நிலம் ஓடும்.

பெரிய ஆலை கட்டப் பணம் இல்லாத சிறு முதலாளிக்கு என்ன வழி? காமராஜர் ஆட்சியில், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது, அதற்குக் கிடைத்த பதில் தொழிற்பேட்டை. அரசே நிலத்தைச் சீர்செய்து, சாலை, மின்சாரம், தண்ணீர் கொடுத்து, ஷெட் கட்டித் தரும். லேத் மெஷினோடு வந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். 1958-ல் கிண்டி, 1960-களில் அம்பத்தூர். பெரிய வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் இப்படி வளர்ந்தன.

ஐம்பது வருஷத்தில் ஊர் கிண்டியைத் தாண்டிப் போய்விட்டது. லேத் ஓட்டி வரும் லாபத்தைவிட இடத்தை வாடகைக்கு விட்டால் வரும் பணம் அதிகமானது. ஷெட்டுகள் இருந்த இடங்களில் கண்ணாடி அலுவலகங்கள் எழும்பின. கணக்குப் பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் ஷெட்டில் வேலை பார்த்த ஃபிட்டருக்குக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை இல்லை.

தொழிற்சாலைக் கட்டடத்தின் ஆபத்து என்ன என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைச் சொல்லலாம். 2006-ல் தொடங்கி, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்றாக இருந்தது. வரிப் பிரச்சினைக்கும் நிறுவனம் கைமாறியதற்கும் நடுவில் சிக்கி, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள், அதில் நிறையப் பெண்கள், வேலை இழந்தார்கள். கடை காலியானால் அடுத்த மாதமே இன்னொரு கடை வரும். ஒரே நிறுவனத்துக்காகக் கட்டிய ஆலை காலியானால் அதே அளவு இன்னொரு நிறுவனம் வர வேண்டும். அந்த ஆலையை சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது 2019-ல். ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்தது.

கடைத்தெருவும் மாலும்

மவுண்ட் ரோடு ஸ்பென்சர் 1860-களில் சின்னக் கடையாக ஆரம்பித்தது. 1890-களில் கோபுரங்கள் வைத்த பெரிய சிவப்புக் கட்டடமாக வளர்ந்தது. வெள்ளைக்கார துரைமார்களுக்கு வேண்டிய எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அதுவும் 1983-ல் எரிந்தது. அதே இடத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா வந்தபோது, கல்லூரி மாணவர்களுக்கு அது ஒரு அதிசயம். எதுவும் வாங்காமல் ஏ.சி.யில் சுற்றி வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள்!

மால் என்பது பெரிய கடைத்தொகுப்பு மட்டும் இல்லை. அது ஒரு நிர்வாக முறை. பிரபலமான பெரிய கடைக்குக் குறைந்த வாடகைக்கு இடம் கொடுப்பார்கள். அதைப் பார்க்க வரும் கூட்டத்துக்காகச் சின்னக் கடைகள் அதிக வாடகை தரும். பல இடங்களில் 'குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், எது அதிகமோ அது' என்று ஒப்பந்தம். அதாவது மால் முதலாளியும் வியாபாரத்தில் ஒரு கூட்டாளி. கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டால் இந்தச் சேர்க்கையைப் பார்த்து அமைக்க ஆள் இருக்க மாட்டார்கள். பொம்மைக் கடைக்குப் பக்கத்தில் பூட்டிய ஷட்டர், அதற்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை என்று ஆகிவிடும். அதனால்தான் 2010-ல், பழைய எக்ஸ்பிரஸ் எஸ்டேட் நிலத்தில் வந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ போன்ற பிந்தைய மால்கள் கடைகளை விற்காமல் வாடகைக்கே விட்டன.

மால் மவுண்ட் ரோட்டில் வளர, மாம்பலத்தில் நடந்தது வேறு கதை. தியாகராய நகர் 1920-களில் குடியிருப்புப் பகுதியாகத் திட்டமிட்ட இடம். 1928-ல் ஆரம்பித்த நல்லி போன்ற துணிக்கடைகளும், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து இறங்கும் கூட்டமும் அதை மாற்றின. நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் வீடுகள் கடைகளாகி, கடைகள் பல மாடிகளாகின. இடம் மேலே போகப் போக விதிகள் கீழே போயின. 2011 அக்டோபரில் அனுமதி மீறிய பல கட்டடங்களுக்கு சி.எம்.டி.ஏ. சீல் வைத்தது. 2017 மே 31 அன்று பக்கத்து உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை தீப்பிடித்து, இரண்டு நாள் எரிந்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று.

கட்டடத்தின் ஒவ்வொரு சதுர அடியும் விற்பனைக்கு என்று ஆகும்போது முதலில் காணாமல் போவது வேலை செய்பவர்களுக்கான இடம். 2010-ல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் அந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடைத் தொழிலாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். ஒரு நாற்காலிக்கு இடம் கிடைக்கச் சட்டசபை வரை போக வேண்டியிருந்தது.

மேன்ஷன்

ஹோட்டலும் வாடகைக் குடியிருப்பும்கூட வணிகச் சொத்துதான். சென்னை இதற்குக் கொடுத்த தனி வகை திருவல்லிக்கேணி மேன்ஷன். பத்துக்குப் பத்து அறை, பொதுக் குளியலறை, பக்கத்தில் மெஸ். வேலை தேடி வந்தவர், சினிமா வாய்ப்புக்கு அலைந்தவர், பத்திரிகையில் துணையாசிரியர் என்று எத்தனையோ பேருக்கு முதல் முகவரி. ஐ.டி. வந்த பிறகு அதுவே பழைய மகாபலிபுரம் சாலையில் 'பி.ஜி. ஹாஸ்டல்' ஆனது.

ஐ.டி. பூங்கா

தரமணியில் 2000 ஜூலையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்களின் பெயர்களைச் சேர்த்து டைடல். 13 தளங்கள், ஏறத்தாழ 12.8 லட்சம் சதுர அடி. கிண்டித் தொழிற்பேட்டையின் அதே யோசனைதான் இது. அன்று சாலையும் மின்சாரமும் ஷெட்டும். இன்று தடையில்லா மின்சாரம், மத்தியக் குளிர்சாதனம், கண்ணாடி இழைக் கேபிள். நிறுவனங்கள் கம்ப்யூட்டரோடு வந்தால் போதும்.

உப்பளமும் வயலுமாக இருந்த பழைய மகாபலிபுரம் சாலையின் முகமே மாறியது. நிலம் விற்றவர்களில் சிலர் பணக்காரர்கள் ஆனார்கள். சீக்கிரம் விற்றவர்கள் தங்கள் பழைய வயலில் எழுந்த கட்டடத்துக்குக் காவல்காரராகப் போனதும் உண்டு. 2020-ல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது அத்தனை கண்ணாடிக் கட்டடங்களும் காலியாகக் கிடந்தன. ஒப்பந்தம் நீண்ட காலத்துக்கு என்பதால் பெரிய கட்டடங்களுக்கு வாடகை வந்துகொண்டிருந்தது. வாசலில் டீக்கடை வைத்திருந்தவருக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை.

சட்டம் யார் பக்கம்?

சொந்தக்காரருக்கும் வாடகைதாரருக்கும் நடுவில் சட்டம் ஊசல் போல ஆடியிருக்கிறது. 1921-ன் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், அடுத்தவர் மனையில் வாடகைக்கு இருந்து தன் செலவில் கட்டடம் கட்டியவரைச் சும்மா வெளியேற்ற முடியாது என்றது. 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'நியாய வாடகை' என்று வரம்பு வைத்து, காலி செய்யச் சொல்வதையும் கடினமாக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஜார்ஜ் டவுனில் பல கடைகளின் வாடகை பழைய காலத்திலேயே உறைந்து போனது. வாடகை வராத கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சுண்ணாம்புகூட அடிக்க மாட்டார். வாடகைதாரரோ கடையை இன்னொருவருக்குக் கைமாற்றும்போது 'குட்வில்' என்று பெரிய தொகை வாங்கிக்கொண்டார். மதிப்பு சொந்தக்காரரிடமிருந்து வாடகைதாரருக்குக் கணக்கில் வராமல் நகர்ந்தது.

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் ஊசலை மறுபக்கம் தள்ளியது. இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் எல்லாம். ஒப்பந்தம் முடிந்தால் காலி செய்ய வேண்டும். பேரம் பேசும் பலம் இருப்பவருக்கு இது நல்ல செய்தி. பலம் இல்லாதவர் ஒப்பந்தத்தை நாலு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி யார் சொந்தக்காரர்?

கடைசியாக வந்திருப்பது 'ரீட்' என்ற முறை. மியூச்சுவல் ஃபண்ட் போலப் பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்களை வாங்கி, வாடகையைப் பங்கிட்டுத் தரும் அறக்கட்டளை. செபி 2014-ல் விதிகள் வகுத்தது. இந்தியாவின் முதல் ரீட் 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. சொத்தில் குறைந்தது 80 சதவீதம் வாடகை வரும் நிலையில் உள்ள கட்டடங்களாக இருக்க வேண்டும். பகிரக்கூடிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட வேண்டும். 2024-ல் இந்த முதல் ரீட்டான எம்பசி, பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையில் ஒரு பெரிய அலுவலக வளாகத்தை வாங்கியது. அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தன் சேமிப்பில் கொஞ்சம் போட்டு அதற்கே ஒரு துளி சொந்தக்காரராக இருக்கலாம்.

நல்ல விஷயம்தான். ஆனால் ரீட் வாங்குவது பெரிய அலுவலகங்களையும் மால்களையும்தான். பழைய புத்தகக் கடைக்கோ, கிண்டி லேத் பட்டறைக்கோ, பாண்டி பஜார் ஹேர்பின் வியாபாரிக்கோ அதில் பங்கு இல்லை. அவர்களுக்கு உதவியது கோயம்பேட்டில் நடந்ததுதான்: இடம் மாற்றும்போது கடையைச் சொந்தமாக வாங்க ஒரு வாய்ப்பு.

ஒரு சந்தையை இடிக்கவோ மாற்றவோ திட்டம் போடும்போது கட்டடத்தின் மதிப்பை மதிப்பீட்டாளர்கள் சதுர அடியில் கணக்கிட்டுவிடுவார்கள். அந்த மதிப்பை உண்டாக்கியவர்களின் பங்கு என்ன என்று கணக்கிட ஒரு பத்தியும் அந்தப் படிவத்தில் இருந்தால், அடுத்த மூர் மார்க்கெட்டின் கதை வேறு மாதிரி முடியும். 1773-ன் கல்தூண் எங்கே கட்டலாம் என்று சொன்னது. கட்டியதில் யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் தூணை இன்னும் யாரும் நடவில்லை.